பட்டையும் இலையும்: லூல்கந்துரா ஜேம்ஸ் டெயிலர்

மருந்துச் செடியொன்று வாணிகச் செடியாக மாறும்பொழுது, அதனால் வரக்கூடிய செல்வத்தைப் பற்றிய கனவுகளும் உடன் முளைத்துவிடுகின்றன. ஆயுர்வேத வைத்தியர்கள் நெடுங்காலமாக மருந்திற் சேர்த்துவந்த கஞ்சாவை ஏற்றுமதிக்கெனப் பயிரிடலாமா என்று ஆராய நிபுணர் குழுவொன்றை அமைக்க, 2022-ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைப் பாராளுமன்றத்தில் வைக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. கண்டி மலைநாட்டுக்கு இத்தகைய கனவு புதியதன்று. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் சிங்கோனா என்னும் மருந்து மரம் அம்மலைகளை ஆட்கொண்டது. மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்தே எடுக்கப்படுவது.

அம்மரத்தை இங்கு வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர் ஜேம்ஸ் டெயிலர். 1835-இல் ஸ்கொத்லாந்தில் பிறந்த இவர், 1852-இல், பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், கோப்பித் தோட்ட உதவியாளராக இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துராத் தோட்டமே அவருடைய வாழ்நாட் களமாயிற்று. அவர் தோட்ட உரிமையாளரல்லர், சம்பளத்துக்கு உழைத்தவரே.

1861-இல் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் சிங்கோனா விதைகளைப் பெற்று ஹக்கலையில் நாற்றுகளை வளர்ப்பித்தார். கோப்பி செழித்திருந்த காலமாதலின் அந்நாற்றுகளை விரும்பி ஏற்ற தோட்டத்துரைமார் மிகச் சிலரே. அச்சிலருள் டெயிலரும் ஒருவர். 1869-இல் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகளாகத் தோன்றிய பூஞ்சண நோய், அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் கோப்பித் தொழிலையே வீழ்த்தியது. அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் சிங்கோனாவின்மேல் விழுந்தது. 1883-இல் 60,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அது பயிராகியிருந்தது. 1880-களின் நடுவில் ஆண்டொன்றுக்கு 150 இலட்சம் இறாத்தல் அளவிற் பட்டை கப்பலேறியது.

அம்மிகுதியே அழிவுக்கும் காரணமாயிற்று. சந்தையிற் பட்டை குவியக் குவிய விலை சரிந்தது. விலை மேலும் விழுமுன் விற்றுவிட வேண்டுமென்று அஞ்சியோர் மரங்களை வேருடன் பிடுங்கிப் பட்டை உரித்தனர். அதனால் விலை இன்னும் தாழ்ந்தது. இதனிடையே, சாவகத் தீவில் ஒல்லாந்தர் கொயினாச் சத்து மிக்க வேறோர் இனத்தைத் தெரிந்து வளர்த்திருந்தனர். பட்டையின் மதிப்பு அதன் எடையால் மட்டும் அமைவதன்று. அதிலுள்ள கொயினாவின் அளவால் அமைவது. எனவே இலங்கைப் பட்டை போட்டியில் நிற்கமாட்டாது ஒழிந்தது.

டெயிலரோ ஒரு பயிரையே நம்பியிருந்தவரல்லர். 1867-இல், கோப்பி நோய் தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்னரே, 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். செடி வளர்ப்பதோடு அவர் முயற்சி நிற்கவில்லை. பங்களா விறாந்தையே அவருடைய முதல் தொழிற்சாலை. அங்கே மேசைகளின்மேல் கொழுந்தைக் கையால் உருட்டுவித்து, மண்ணடுப்புக் கரிநெருப்பின்மேல் கம்பித் தட்டுகளிலிட்டு உலர்த்துவித்தார். 1872-இல் உருட்டும் இயந்திரமொன்றைத் தாமே அமைத்தார். 1873-இல் அவருடைய தேயிலையில் 23 இறாத்தல் இலண்டனுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு தார்ஜிலிங்குக்குச் சென்று அங்குள்ள செய்முறைகளைக் கண்டறிந்து மீண்டார். 1890-இல் இலங்கையின் தேயிலை 22,000 தொன்னைக் கடந்தது.

இரு பயிரையும் வளர்த்தது ஒரே மண். உழைத்தவர்களும் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடு கடந்து நடந்துவந்த அதே தொழிலாளரே. எனினும் ஒன்று வீழ்ந்தது, மற்றது நிலைத்தது. ஏன்? சிங்கோனாவைப் பட்டையாகவே விற்றனர். அதை மருந்தாக்கும் தொழில் பிறநாட்டார் கையில் இருந்தது. தேயிலையோ தோட்டத்திலேயே முற்றுப்பெற்ற பண்டமாயிற்று. அதன் தரத்தைக் காக்கும் அறிவும் தோட்டத்திலேயே வளர்ந்தது.

சிங்கோனாவின் வீழ்ச்சி வாணிக நட்டம் மட்டுமன்று. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையைத் தாக்கியபோது ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் உலகின் கொயினாவுக்கு வேண்டிய பட்டையிற் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்தே வந்தது. ஒருகாலத்திற் சிங்கோனா நின்ற மலைச்சரிவுகளில் அப்போது தேயிலையே தழைத்திருந்தது.

முன்னோடிக்குக் கிடைத்த பயன் யாது? தோட்டத்துரைமார் சங்கத்தார் டெயிலருக்கு வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்தனர். 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையால் உலகப் புகழும் பெருஞ்செல்வமும் எய்தினார். டெயிலரையோ, 40 ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து விலகும்படி 1892-இல் நிருவாகம் பணித்தது. அவர் விலக மறுத்தார். அவ்வாண்டு மே மாதம் 2-ஆந் திகதி வயிற்றுளைவு நோயால் லூல்கந்துராவிலேயே உயிர் நீத்தார்.

தொழிலாளர் 24 பேர் இரு குழுவினராகப் பிரிந்து, மாறி மாறி அவர் உடலைக் கண்டி வரை சுமந்துவந்தனர். “சாமி துரை” என்று அழுதவண்ணம் மற்றையோர் பின்தொடர்ந்தனர் என்பர். மகியாவை மயானத்திலுள்ள அவருடைய கல்லறைக் கல், தேயிலை, சிங்கோனா ஆகிய இரு தொழில்களின் முன்னோடியென்றே அவரைக் குறிக்கின்றது. சுமந்துவந்தவர்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

புதிய மருந்துப் பயிரொன்றைப் பற்றி எண்ணுவோர் அக்கல்லிலுள்ள இரு பெயர்களையும் சேர்த்தே படித்தல் நன்று. எத்தனை ஏக்கர் நடலாம் என்பதோடு, அதனைப் பண்டமாக்கும் அறிவு எவரிடம் இருக்கும், உழைப்போருக்கு அதிற் பங்கு யாது என்பவற்றையும் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.