டாவன்போர்ட்டின் கைவைத்தியமும் என் முதுகும்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுத் தென்கரையில் மோலின். பாலம் தாண்டிச் சற்று மேற்கே போனால் டாவன்போர்ட். ஜான் டீர் டிராக்டர் கம்பெனியின் தலைமையகம் மோலினில் இருப்பதால் இங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு. என்னுடையதும் அதில் ஒன்று. இடுப்பில் எல்4, எல்5 முள்ளெலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைத்த பிறகு, காலுக்கு இறங்கிய வலி போனது. இடுப்பு வலி போகவில்லை. அப்போதுதான் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதாகச் சொல்லும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்த கைரோபிராக்டிக் தொழிலின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டாவன்போர்ட்டின் இரண்டாம் தெருவும் பிரேடி தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு கட்டடத்தில் டேனியல் டேவிட் பால்மர் வைத்தியம் பார்த்தார். 1845இல் கனடாவில் பிறந்தவர். பள்ளி வாத்தியார், தேனீ வளர்ப்பவர், மளிகைக்கடைக்காரர் என்று இருந்துவிட்டு, காந்தசக்தி பாய்ச்சுவதாகச் சொல்லும் கைவைத்தியத்துக்கு வந்தவர். அந்தக் கட்டடத்தைப் பராமரித்த ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத் தொழிலாளிக்கு 17 வருடமாகக் காது மந்தம். 1895 செப்டம்பர் 18 அன்று அவர் முதுகில் புடைத்திருந்த ஒரு முள்ளெலும்பை அழுத்தித் தள்ளியதும் காது கேட்டது என்பது பால்மர் எழுதியது. லில்லார்டின் மகள் பின்னாளில் வேறு மாதிரி சொன்னார். எப்படியானாலும், செவி நரம்பு முதுகு வழியாகப் போவதில்லை. பால்மரோ அந்த ஒரு சம்பவத்திலிருந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்க்கும் விலகிய முள்ளெலும்பே காரணம் என்கிற வரைக்கும் போனார். 1897இல் பள்ளி தொடங்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906இல் சிறைக்கும் போனார்.

அவருடைய சீடர்கள் பலரும் ஊர் ஊராகச் சிறை சென்றார்கள். கான்சாஸ் மாநிலம் 1913இல் முதலில் உரிமச் சட்டம் போட்டது. கடைசியாக லூசியானா போட்டபோது 1974. கைரோபிராக்டர்களின் பிடிவாதம் இந்தச் சிறைவாசத்தில் வளர்ந்தது என்று நினைக்கிறேன். வழக்குகளால் அடிபட்ட தொழில் தன் தவறான கொள்கையையும் சேர்த்தே கட்டிப்பிடித்துக்கொண்டது.

மறுபக்கம், கத்தியின் கதை, அதாவது முதுகு ஆபரேஷனின் கதை, பாஸ்டனில் வேகம் பிடித்தது. முதுகெலும்புக்குள் நரம்பை அழுத்தும் சதைத்துண்டுகளைக் கட்டி என்றே அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை, அவை முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து கிழிந்து பிதுங்கிய ஜவ்வு என்று காட்டியது. அதன் பிறகு ஜவ்வு ஆபரேஷன் உலகம் முழுக்கப் பரவியது. எத்தனையோ பேர் எழுந்து நடந்தார்கள். கூடவே, ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தீராத ஒரு கூட்டமும் பெருகியது. நரம்பைச் சுற்றித் தழும்பு வளர்வது, எலும்பு சரியாக ஒட்டாமல் போவது, இணைத்த இடம் அசையாததால் மேல் மூட்டும் இடுப்பெலும்பு மூட்டும் அந்தப் பாரத்தைச் சுமப்பது என்று காரணங்கள் பல.

இந்த நோயாளி எங்கே போவார்? எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி வைத்திய ஒழிப்புக் குழு அமைத்தது. கைரோபிராக்டிக்கைத் தீர்த்துக்கட்டுவது அதன் முக்கிய நோக்கம். கைரோபிராக்டரோடு தொழில்முறையில் சேர்ந்து வேலை செய்வது டாக்டருக்கு நெறி மீறல் என்று இருந்தது. ஆகவே ஸ்க்ரூ போட்டவரும் முதுகில் கை வைப்பவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நோயாளி இரண்டு பேரிடமும் மறைத்துக்கொண்டு போய்வந்தார். 1976இல் செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், சங்கம் சட்டவிரோதமாகப் புறக்கணிப்பு நடத்தியதாகத் தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் அறிவியல்தானா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. பேசக் கூடாது என்ற தடையைத்தான் உடைத்தது.

இதற்கிடையில் தொழிலுக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்தது. சடக்கென்று நெட்டி முறிக்கிற முறை ஆபரேஷன் செய்த முதுகுக்கு ஒத்துவராது. இண்டியானாவின் ஃபோர்ட் வெயினில் ஜேம்ஸ் காக்ஸ் 1960களில், கையால் எலும்பைச் சரிசெய்யும் இன்னொரு முறையான ஆஸ்டியோபதியைச் சேர்ந்த ஜான் மெக்மானிஸின் பழைய மேசையை எடுத்து, மெல்ல இழுத்து வளைக்கும் முறையை உருவாக்கினார். பால்மர் காலத்திலிருந்து கைரோபிராக்டர்களுக்குப் போட்டியாளர்களாக இருந்தவர்களின் மேசை அது.

அந்த மேசை இடுப்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். குப்புறப் படுத்தேன். என் கைரோபிராக்டர் இடது உள்ளங்கையின் அடிப்பகுதியை என் தழும்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பில் வைத்து, வலது கையால் மேசையின் கால்பக்கத்தைக் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். சத்தமே இல்லை. தளர்த்தினார், மறுபடி இறக்கினார். காலில் ஏதாவது ஓடுகிறதா என்று நடுநடுவே கேட்டார். இணைத்த எலும்பை அவர் தொடவில்லை. மேலும் கீழும் உள்ள மூட்டுகளில்தான் வேலை. கை வைக்கும் முன்பே ஆபரேஷன் குறிப்பையும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயையும் வாங்கிப் பார்த்திருந்தார். எலும்பு ஒட்டியிருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்ததா என்று தெரியாமல் எவரையும் முதுகில் கை வைக்க விடாதீர்கள். ஆபரேஷன் ஆன கழுத்தைத் திருகவே விடக் கூடாது. கழுத்தைத் திருகும் சிகிச்சையைத் தொடர்ந்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் திடீர் சிக்கல் வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எனக்கு வலி குறைந்தது, முழுதும் போகவில்லை. ஆபரேஷனுக்குப் பிந்திய வலிக்கு இந்த முறை உதவுவதற்குச் சான்றாக இருப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய சிறு அறிக்கைகளே. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் 2004 முதல் கைரோபிராக்டர்களைத் தங்கள் ஊழியர்களாகவே வைத்திருக்கின்றன. அங்கே அறுவை மருத்துவரும் கைரோபிராக்டரும் பார்ப்பது ஒரே கோப்பை. என் கோப்பை நானே கையில் எடுத்துக்கொண்டுதான் பாலம் தாண்டுகிறேன்.