மிகை நீருக்கு நிலத்தடியில் இடம் எங்கே?



மழைக்குக் குறைவில்லாத கேமரன் மலையில் நீர்ச் சேமிப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று மாணவர்கள் வினவலாம். விடை லெம்பா பெர்த்தாமின் வரலாற்றில் உள்ளது.

பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை கட்டப்பட்டு, 1963ஆம் ஆண்டில் ரிங்லெட் நீர்த்தேக்கம் உருவாயிற்று. தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழி திருப்பப்பட்டு அதனுடன் சேர்ந்தது. தேக்கத்தின் தொடக்கக் கொள்ளளவு ஏறத்தாழ 63 இலட்சம் கன மீட்டர்.

பின்னாளில் மலைச்சரிவுகளில் காடுகள் குறைந்தன. காய்கறித் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகின. நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடிகள் மண்ணை மூடிக் காக்கும். திறந்து கிடக்கும் மண்ணோ மழைதோறும் கரைந்தோடும். அம்மண் தேக்கத்தில் வண்டலாகப் படிந்தது. நீருக்குரிய இடம் சுருங்கியது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் லெம்பா பெர்த்தாம் மக்களைத் தாக்கியது. உயிர்கள் பறிபோயின, வீடுகளும் வாகனங்களும் சேதமுற்றன.

அங்ஙனமாயின் மிகை நீரை நிலத்தடியில் சேமிக்கலாகாதா? அதற்கு இடம் தேரும்போது நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். நீரை உள்வாங்கும் மணலும் சரளையும் கீழே உள்ளனவா? நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேல் வெற்றிடம் உண்டா? செலுத்தும் நீர் வண்டலும் நச்சும் இன்றித் தெளிந்ததா? சேர்த்த நீர் வழிந்தோடாமல் மீண்டும் எடுக்கக் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர்ப் பகுதி இதற்குத் தக்க சான்று. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொணர்ந்த மணற்படுகை அங்கே ஆழமாக உள்ளது. நகருக்காகவும் ஆலைகளுக்காகவும் அளவின்றி நீர் இறைத்ததால் நிலத்தடியில் வெற்றிடம் உண்டாகி, கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. ஆகவே வடகிழக்குப் பருவமழையின் மிகை நீரைத் தடுப்பணைகளால் நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவது, நீரைச் சேமிப்பதோடு உப்பையும் எதிர்க்கிறது. 2003இல் தமிழ்நாடு அரசு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் இவ்வழிப்பட்டதே.

லெம்பா பெர்த்தாமின் நிலையோ வேறு. அடியில் இருப்பது கருங்கல் பாறை. விரிசல்களிலும் மேலே சிதைந்த மண்ணிலுமே நீர் தங்கும். பாறையைக் குடைந்து சுல்தான் யூசுப் மின்நிலையத்தை அமைக்க முடிந்தது. ஆயினும் அதே பாறை மணற்படுகை போல் நீரை ஏந்தாது. செங்குத்தான சரிவில் மிகுதியாக நீரை இறக்கினால் மண் கனத்துச் சரியும். கலங்கிய நீரோ துளைகளை அடைத்துவிடும்.

எனவே இம்மலைக்கு ஏற்ற வழி, மழை விழும் இடத்திலேயே மண்ணைக் காப்பது. காடும், மூடிய தோட்டமும், ஓடையோரப் புல்லும் நீரை மெல்ல உள்ளிறக்கும், வண்டலையும் தடுக்கும். ஒரு குவளையில் மணலும் மற்றொன்றில் களிமண்ணும் இட்டு நீர் ஊற்றிக் காட்டுங்கள். நீருக்கு இடம் கொடுப்பது எந்த மண் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.