பங்கிடும் எண்களும் விடுபட்ட ஓர் எண்ணும்

 

பாகப்பிரிவினைக்கு வருவோர், "ஹஜ்ரத், 24 என்று ஏன் தொடங்குகிறீர்கள்?" எனக் கேட்பதுண்டு. மனைவி, தாய், இரு பெண் மக்கள், ஒரு சகோதரர் ஆகியோரை விட்டு ஒருவர் மரணித்தால் சொத்து 24 பங்காகும். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3; தாய்க்கு ஆறில் ஒன்றாக 4; பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டாக 16; எஞ்சிய 1 சகோதரருக்கு. 24ஐ எட்டு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் இல்லை.

இவ்வாறு, தமக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்களை விரிவாக ஆராய்ந்தவர் தமிழகத்தவரே. 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரித் தேர்வில் தோற்றார், உதவித்தொகையையும் இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915இல் இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டனில் வெளியிட்டார். அவ்வாய்வுக்காகவே 1916இல் பட்டம் பெற்றார். 1920இல், தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அக்கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. கடைசி எண் 67,46,32,83,88,800. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒருமுறையும் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒவ்வொரு முறையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2×2 எனக் கணக்கிட்டால், காரணிகள் 10,080 எனத் தெரியும்.

எனினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது. அது 2,93,31,86,25,600; அதன் காரணிகள் 5,040. வியப்பு யாதெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது அப்பட்டியலின் கடைசி எண்ணே! பின்வந்தோர் இதனைச் சுட்டிக்காட்டினர். அதனால் இராமானுஜனின் கண்ணியம் குறையவில்லை. கணக்கு நிறைவு பெற்றது.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மேற்சொன்னது போன்ற ஒரு குடும்பத்தின் பாகப் பட்டியலை நாம் படியெடுத்தபோது, தாயின் வரி விடுபட்டுப் போயிற்று. பெரியோர் எவரும் கவனிக்கவில்லை. அருகிலிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "கூட்டினால் 20தான் வருகிறது, ஹஜ்ரத்" என்றாள். அந்த 4 பங்கு, முதுமையில் வேறு ஆதரவற்ற ஒரு தாயின் உரிமை. நாம் வெட்கினோம், அவளுக்காக துஆச் செய்தோம்.

கொட்டாம்பட்டிப் பெற்றோர்களே! அத்தகைய பிள்ளைகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கறிந்த ஒரு பெண் பிள்ளை, பலரின் ஹக்கைக் காப்பாள். கணக்கில் நேர்மையையும், திருத்துவோரை ஏற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! வஸ்ஸலாம்.