கால்பந்து: ஃபவுல் பற்றிய தப்பபிப்பிராயங்கள்
எதிரியை வீழ்த்துமுன் தன் கால் பந்தைத் தீண்டிவிட்டதாயின் குற்றமே இல்லை என்று ஆட்டக்காரரும் ரசிகரும் ஒருங்கே சாதிப்பதுண்டு. ஆயினும் ஆட்டவிதிகளுள் 12ஆவது, பந்தை முதலில் தொட்டவர் யார் என்று வினவாமல், அச்செய்கை அஜாக்கிரதையானதா, எதிரிக்கு நேரும் அபாயத்தைப் பொருட்படுத்தாததா, மிதமிஞ்சிய பலத்தோடு கூடியதா என்பதையே நடுவர் ஆராய வேண்டுமென விதிக்கின்றது. முதலாவதற்கு ஃப்ரீ கிக் மட்டும், இரண்டாவதற்கு மஞ்சள் அட்டையும், மூன்றாவதற்குச் சிவப்பு அட்டையும் உரியன என்னும் இந்தத் தாரதம்மியமே அவ்விதியின் ஜீவநாடி. வேண்டுமென்று செய்யவில்லை என்னும் சமாதானம் இங்கே செல்லாது. பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமாவதுமில்லை. எதிரியின் கோல் வாய்ப்பைக் கெடுத்தவர் ‘கடைசித் தடுப்பாளர்’ என்பதால் சிவப்பு அட்டை என்பாரும் உளர்; அப்பிரயோகமோ விதியில் அறவே இல்லை. கோலுக்குள்ள தூரம், ஆட்டத்தின் திசை, பந்தை வசப்படுத்தும் சாத்தியம், ஏனைத் தடுப்பாளரின் எண்ணிக்கையும் நிலையும் ஆகியவற்றைச் சேர்த்தே, தெளிவான கோல் வாய்ப்பு தடுக்கப்பட்டதா என்று நடுவர் தீர்ப்பளிக்கிறார்.