கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று

திண்டுக்கல்லில் வெயில் குறைவது மழையால் அல்ல, காற்றால். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். ஜூன் பிறந்ததும் கேரளத்தில் மழை கொட்டுகிறது, டிவியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்கிறார்கள், நமக்கு ஒரு சொட்டு கிடையாது. ஆனால் பழனி மலைக்கு மேலே மேகம் கட்டி நிற்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வருகிறது. முருங்கைப் பூ கொட்டுகிறது, வாழை சாய்கிறது, மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடைக்கிறது. வெயிலின் உக்கிரம் மட்டும் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடுகிறது. என் அப்பத்தா இதை ‘மேகாத்து’ என்பாள். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. ஆடியில் அம்மியைப் பறக்கவிடுவதாகப் பேர் வாங்கியதும் இதேதான்.

வெயிலுக்குக் காரணம் சூரியன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதோடு கணக்கு முடிவதில்லை. திண்டுக்கல்லின் அட்சரேகை ஏறக்குறைய 10.36 டிகிரி. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருவது ஏப்ரல் 17 வாக்கில், சித்திரை பிறந்த மூன்று நான்கு நாளில். அன்று நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது. வடக்கே போய்விட்டுத் திரும்பும் சூரியன், ஆகஸ்ட் 26 வாக்கில் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. அது ஆவணி. சூரியன் மட்டும்தான் விஷயம் என்றால் சித்திரையும் ஆவணியும் ஒரே மாதிரி காயணும். காய்வதில்லை. சித்திரையில் தார் இளகுகிறது, ஆவணியில் கல்யாணம் வைக்கிறோம்.

வித்தியாசத்தில் ஒரு பங்கு தரையில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பங்குனிக்குள் தீர்ந்துவிடும். ஈரமிருந்தால் வெயிலின் ஒரு பகுதி அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரமில்லாத கரிசலும் செம்மண்ணும் முழு வெயிலையும் சூடாகவே திருப்பித் தரும். இன்னொரு பங்கு தலைக்கு மேலே இருக்கிறது. கோடையில் நமக்கு மேலுள்ள காற்று பல நாட்கள் மெதுவாகக் கீழே அமுங்குகிறது. அமுங்கும் காற்று கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி வீதம் சூடேறும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவது மாதிரி. மேகம் எழும்ப முடியாமல் மூடி போட்டதுபோல் ஆகிவிடும். சிறுமலைக்கு மேலே மதியம் ஒரு துண்டு மேகம் முளைத்து, நாலு மணிக்குள் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூடி எப்போது விலகும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலைத் தேடி நம் மாவட்டத்து மலை உச்சியிலேயே ஒரு ஆய்வகம் கட்டினார்கள். கட்டியவர்கள் பார்த்தது வேறொரு திசையில்.

ஆரம்பம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் அது. அன்றைக்குத் திண்டுக்கல் மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985இல்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். விளைந்த தானியம் ரயிலேறி வெளியே போய்க்கொண்டிருந்தபோது நடந்த சாவு என்பதால் இதை வானத்தின் குற்றமாக மட்டும் எழுதிவிட முடியாது. ஆனால் அரசாங்கத்துக்கு வானத்தைக் குற்றவாளியாக்குவது வசதி. 1875இல்தான் ஹென்றி பிளான்ஃபோர்டைத் தலைவராகக் கொண்டு இந்திய வானிலைத் துறை பிறந்திருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த முறை எப்போது பொய்க்கும்?

அன்றைய ஃபேஷன் சூரியப் புள்ளிகள். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அப்படித்தான் கூடிக் குறைகிறது என்று நம்பினார்கள். ஆகவே மழையைத் தெரிந்துகொள்ளச் சூரியனைப் பார்க்க வேண்டும், சூரியனைப் பார்க்கத் தெளிந்த மலைக்காற்று வேண்டும். அப்படித்தான் பழனி மலைத்தொடர் வரைபடத்தில் வந்தது.

இந்த இடத்தில் சார்லஸ் மிச்சி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னைக்காரர்கள் பச்சையாக உதிக்கும் சூரியனைப் பார்த்தார்கள். ஜனங்கள் பயந்துபோயிருக்க வேண்டும். மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பச்சை ஒளியை ஆராய்ந்தார். எரிமலைத் தூசி கிழக்கிலிருந்து மேற்காகப் பூமத்தியரேகையை ஒட்டி, சுமார் இரண்டு வாரத்தில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. ஹோனலூலுவிலிருந்த செரீனோ பிஷப் என்ற பாதிரியார் இதை ஒரு புகை ஆறு என்றே வர்ணித்தார். வெப்ப மண்டலத்துக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து வேகமாக ஓடும் காற்று இருக்கிறது என்பதற்கு மனிதகுலம் பார்த்த முதல் பெரிய சாட்சி அது. (கிரகடோவாத் தூசி போனது நான் பின்னால் சொல்லப்போகும் காற்றுக்கும் மேலே, ஸ்ட்ராடோஸ்பியரில். இரண்டும் ஒன்றல்ல.)

அதே மிச்சி ஸ்மித்தான் மலைகளை ஏறியிறங்கிப் பார்த்து, கோத்தகிரியைத் தள்ளிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தவர். லார்ட் கெல்வின் தலைமையிலான குழு 1893இல் இசைவு தந்தது. 1895இல் கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரலில் ஆய்வகம் உருவானது, மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர். கீழே சமவெளி கொதிக்கும்போது அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூரியனைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். 1904இலிருந்து எடுத்த கண்ணாடித் தகடுகள் இன்றும் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கும் மேல் விட்டுப்போகாத லாக் ஃபைல்! மூணு மாச லாகைக்கூட ஒழுங்காக வைத்திருக்காத தொழிலில் இருக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

1909 ஜனவரியில் அங்கே ஜான் எவர்ஷெட் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது. வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். எவர்ஷெட் விளைவு என்று உலகமெங்கும் இன்றும் படிக்கிறார்கள். ஆக, பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் சூரியன்மேல் வீசும் காற்றைக் கொடைக்கானலில் அளந்துவிட்டார்கள். அந்த ஆய்வகத்துக் கூரைக்கு 12 கிலோமீட்டர் மேலே ஆடி மாதத்தில் என்ன ஓடுகிறது என்பது அன்றைக்கு உலகில் ஒருத்தருக்கும் தெரியாது.

சூரியப் புள்ளிக் கணக்கு மழைக்கு உதவவில்லை. 1904இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். தொடர்பு உண்டா இல்லையா என்று எண்களைப் போட்டே பார்த்தார். முன்னறிவிப்புக்கு உதவும் அளவுக்குத் தேறவில்லை. அந்தத் தேடலில் அவருக்குப் பசிபிக் கடலின் தெற்கு அலைவு கிடைத்தது, இன்றைய எல் நினோ பேச்செல்லாம் அங்கிருந்துதான். என்னைக் கேட்டால், இலக்குக்கு அதிகம் பக்கத்தில் போனவர் பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி அதிகம் கிடந்தால் பருவமழை தேய்கிறது என்று 1884லேயே எழுதினார். வடக்கே நிலம் எவ்வளவு சூடாகிறது என்பதில்தான் சூட்சுமம் என்ற உள்ளுணர்வு அது.

மேலே பார்க்க மனிதர்களிடம் இருந்தது பலூன் மட்டும்தான். ஹைட்ரஜன் நிரப்பிப் பறக்கவிட்டு, தியோடலைட் வழியாகக் கண்ணால் தொடர்ந்துபோய்க் காற்றின் திசையைக் கணக்கிடுவார்கள். மேகத்துக்குள் பலூன் நுழைந்தால் ஆட்டம் முடிந்தது. பருவமழைக் காலத்தில் மேகம் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று யோசித்துப்பாருங்கள்! எந்த மாதங்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அந்த மாதங்களில்தான் கண் மறைந்தது. இருந்தும் ஆக்ராவில் விட்ட பலூன்களின் அளவீடுகளை வைத்து, பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன், சி.வி. ராமனின் மாணவர், 1929இல் ஒரு படம் வரைந்தார்: பூமியைச் சூழ்ந்த வானத்தின் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இல்லை, நம் வெப்ப மண்டலத்துக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது. வெயில் ஊர்களுக்கு மேலேதான் அதிகக் குளிர்!

ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்றை ஜப்பானில் வசாபுரோ ஊய்ஷி 1920களிலேயே பலூன் விட்டுக் கண்டிருந்தார். உலகம் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார், அதனாலேயே யாரும் படிக்கவில்லை. 1944 கடைசியில் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு உறைத்தது. ஜப்பானியர்கள் அதே காற்றில் 9000க்கும் மேற்பட்ட வெடிகுண்டு பலூன்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அது மேற்கிலிருந்து கிழக்கே போகும் காற்று. குளிர்காலத்தில் அதன் ஒரு கிளை இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவுக்கு மேலே ஓடும். மே கடைசியில் அது மலையைத் தாண்டி வடக்கே போகும்போதுதான் பருவமழை வெடித்துக் கிளம்புகிறது என்று 1949இல் எம்.டி. யின் காட்டினார்.

நம் தலைக்கு மேலே ஓடுவது இதற்கு எதிர்த்திசைக் காற்று. இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம், பிற்பாடு அதன் தலைமை இயக்குநரானவர், 1958இல் ‘டெல்லஸ்’ ஆய்விதழில் அதை எழுதினார். அதற்குள் ரேடியோ கட்டிய பலூன்கள் வந்துவிட்டிருந்தன, மேகம் மறைத்தாலும் சிக்னல் வரும். அவர் கண்டது இது: ஜூன் முதல் செப்டம்பர் வரை, சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓடுகிறது. மணிக்கு 150 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடும். நடுநாயகமாக ஓடுவது ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில்.

அது ஏன் ஓடுகிறது? கடல்மட்டத்திலிருந்து நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் கிடக்கும் திபெத்தின் பீடபூமி கோடையில் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று உப்புகிறது. ஆகவே உயரத்தில், ஒரே மட்டத்தில் பார்த்தால், திபெத் பக்கம் அழுத்தம் கூடுதல், பூமத்தியரேகைப் பக்கம் குறைவு. காற்று வடக்கிலிருந்து தெற்கே தள்ளப்படும். பூமி சுழல்வதால் வட கோளத்தில் ஓடும் எதுவும் வலப்பக்கம் திரும்பும். தெற்கே பார்த்து நில்லுங்கள். வலது கை எங்கே காட்டுகிறது? மேற்கே. முடிந்தது.

கோடீஸ்வரம் இதோடு நிறுத்தவில்லை. ஆசியப் பக்கம் இந்த ஜெட் வேகமெடுக்கிறது. வேகமெடுக்கும் இடத்தில் அதற்கு வடக்கே காற்று மேலெழும், தெற்கே அமுங்கும். எழும் பக்கத்தில் மழை. அமுங்கும் பக்கம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், அது சரிதான், பெரிய பங்கு அதுதான். ஆனால் மலைக்கு மேலே இன்னொரு கையும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பத்தாவின் மேகாத்துக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. 1966இல் பி.வி. ஜோசப், பி.எல். ராமன் என்ற இரு இந்திய வானிலையாளர்கள், ஜூலையில் தீபகற்பத்துக்கு மேலே வெறும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து ஒரு கீழ்மட்ட ஜெட் ஓடுவதைக் காட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து, 1969இல், ஜான் ஃபிண்ட்லேட்டர் அதன் வேரைக் கென்யக் கரையில் கண்டுபிடித்தார். தெற்குக் கோளத்திலிருந்து பூமத்தியரேகையைத் தாண்டி அரபிக்கடல் வழியாக வரும் ஆறு அது. முழு ஆற்றையும் வரைந்தவர் என்ற முறையில் அவருக்குப் பெருமை சேர வேண்டியதுதான். ஆனால் இன்று உலகம் முழுக்க அதற்குப் பெயர் ஃபிண்ட்லேட்டர் ஜெட். ஜோசப்–ராமன் பெயரை அடிக்குறிப்பில் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அந்தக் காற்று கேரளத்தில் தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாயிலும் மலைச்சரிவிலும் வறண்டு இறங்கி, நம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, புழுதியாக வந்துசேர்கிறது.

ஆக, ஆடியில் திண்டுக்கல்காரன் தலைக்கு மேலே இரண்டு ஆறுகள் எதிரெதிராக ஓடுகின்றன. தமிழில் மேல் என்றால் மேற்கும்தான், கீழ் என்றால் கிழக்கும்தான். நம் ஊருக்குக் கீழே ஓடுவது மேல்காற்று. மேலே ஓடுவது கீழ்காற்று. மேகங்களின் நடுவே இடைவெளி கிடைக்கும் நாளில் மொட்டைமாடியில் நின்று பாருங்கள். தாழ்ந்த மேகங்கள் சிறுமலையை நோக்கி ஓடும். அதற்கு வெகு மேலே இழை இழையாகத் தெரியும் வெண்மேகங்கள் பழனி மலைப் பக்கம் போகும். கருவி எதுவும் தேவையில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஒரு சங்கடம் பாக்கி. நாடு முழுக்கக் காத்திருக்கும் முன்னறிவிப்பு தென்மேற்குப் பருவமழைக்கானது. நம் மழையில் பெரும்பங்கு அக்டோபருக்குப் பிறகு வருவது. எல் நினோ என்றால் டெல்லி பயப்படும். நமக்கோ எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்கு மழை பெரும்பாலும் கைகொடுக்கும், 2015 போல. மறு வருஷம் நாட்டுக்கு மழை ஏறத்தாழ சராசரி. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் குடத்துக்கு விலை இருந்தது. தென்னை மரங்கள் நின்றபடியே தலை சாய்ந்தன. மண்ணில் ஈரம் இல்லாததால் வெயிலும் அந்த வருஷம் வேறு மாதிரி இருந்தது.

இன்றும் மேலே பார்க்கும் பலூன்கள் தினமும் காலை 5:30 மணிக்குப் போகின்றன. சென்னையிலிருந்து, காரைக்காலிலிருந்து, திருவனந்தபுரத்திலிருந்து, கொச்சியிலிருந்து. எல்லாம் கடற்கரை. அளவீடுகளை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன், மே மாதம் முழுக்கத் திருவனந்தபுரம் பலூனின் எண்களை இழுத்து வரும். அதிகம் பார்ப்பது ஒரே வரியைத்தான்: 100 மில்லிபார் உயரத்தில் காற்றின் திசை. ஆரம்பத்தில் எண் அலைபாயும், வேகமும் சொற்பம். கத்திரி முடியும் வாரங்களில் அது 90 டிகிரிக்குப் பக்கத்தில், நேர்க் கிழக்கில், வந்து உட்கார்ந்துகொண்டு வேகம் ஏற ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போன் பண்ணி, மாடியில் காயும் வடகத்தின்மேல் கல்லைத் தூக்கி வைக்கச் சொல்வேன்.