பக்தாதின் பணித்தோழர்கள்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹர்ரான் நகரில் நாணயம் மாற்றித் தரும் தொழில் செய்துவந்தார் ஓர் இளைஞர். நம் ஊர்களில் முன்னாளில் 'சராப்பு' என்று வழங்கிய சொல், அத்தொழிலினரைக் குறிக்கும் 'ஸர்ராஃப்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. கிரேக்கச் சுவடிகளைத் தேடி ரோம நாடு சென்று திரும்பிய முஹம்மது இப்னு மூஸா என்னும் கணித அறிஞர் ஹர்ரானில் அவரைச் சந்தித்தார். இளைஞரின் மொழிப்புலமை அவரை வியக்க வைத்தது. உடனழைத்துச் சென்று, பக்தாதில் தம் இல்லத்திலேயே தங்கவைத்துக் கல்வி புகட்டினார். நாணயங்களை எண்ணிய அந்தக் கை பின்னர் யூக்ளிடின் வடிவ கணித நூலுக்குத் திருத்திய அரபு வடிவம் தந்தது. 220, 284 போன்ற 'நட்பு எண்களை'க் கண்டறியும் பொது விதியை வகுத்தது. அவரே ஸாபித் இப்னு குர்ரா. தம் ஸாபியீ சமயத்தை விடாமலே கலீஃபா முஃததிதின் அவை வரை உயர்ந்தவர், கி.பி. 901இல் மறைந்தார்.

திறமை பிறவியிலேயே அவரிடம் இருந்தது, ஐயமில்லை. ஆயினும் எவரோடு அமர்ந்து வேலை செய்தார் என்பது அத்திறமைக்குத் திசை காட்டிற்று.

அவரைக் கண்டெடுத்தவரும் அவ்வாறு உருவானவர்தாம். தந்தை மூஸா இப்னு ஷாகிர் இளமையில் குராசானில் வழிப்பறி செய்தவர் என்றும், பின்னர் வானியல் கற்று மஃமூனின் தோழரானார் என்றும் கூறுவர். அவர் இறந்தபின் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று சிறுவர்களையும் மஃமூன் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் வானியலறிஞர் யஹ்யா இப்னு அபீ மன்ஸூரின் பொறுப்பில் சேர்ப்பித்தார். 'பனூ மூஸா' எனப் புகழ்பெற்ற இவர்கள், மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 500 தீனார் வழங்கினர் என்று இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் பதிந்துள்ளார்.

இதே சகோதரர்களின் மற்றொரு முகத்தையும் மறைப்பதற்கில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ அதனை விரிவாகவே எழுதுகிறார். முதவக்கிலின் ஆட்சியில் (847–861) முஹம்மதும் அஹ்மதும் அறிவால் முன்னேறியவர் எவரையும் அரசவையில் நிலைக்கவிடவில்லையாம். ஸனத் இப்னு அலீ என்னும் பொறியியல் வல்லுநரைக் கலீஃபாவிடமிருந்து விலக்கிப் பக்தாதுக்கு அனுப்பிவிட்டனர். தத்துவ மேதை அல்கிந்தீயின்மீது அவர்கள் மூட்டிய கோள் அவருக்குச் சாட்டையடியாக முடிந்தது. அவருடைய நூல்கள் முழுவதையும் பறித்து, தனிக் களஞ்சியமொன்றில் பூட்டி, அதற்கு 'கிந்திய்யா' என்று பெயரும் இட்டனர். அறிஞனுக்குச் சாட்டையடியைவிட நூலிழப்பே கொடிது என்பது இந்த எளியேனின் கருத்து.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். ஸாமர்ராவுக்கு வடக்கே கலீஃபா எழுப்பிய புதிய நகருக்கு நீர் கொணர ஜஃபரீ கால்வாயை வெட்டும் பணி பனூ மூஸாவிடம் வந்தது. அவர்கள் அதை அல்ஃபர்கானீயிடம் ஒப்படைத்தனர். எகிப்தில் நைல் நதியின் நீர்மட்டம் அளக்கும் கருவியை அமைத்த பெருமைக்குரியவர் அவர். ஆயினும் கால்வாயின் வாயை எஞ்சிய பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார். வாய் நிறையும் அளவு நீர் வந்தாலும் அது மேற்கொண்டு ஓடாது. பக்கத்திலிருந்து, 'இது பிழை' என்று சொல்லக்கூடிய ஸனதோ பக்தாதில்!

செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. பிழை உண்மையாயின் சகோதரர்களைக் கால்வாயின் கரையிலேயே சிலுவையில் அறைவதாகச் சூளுரைத்து, உண்மையைக் கண்டுவர ஸனதையே வரவழைத்தார். முஹம்மது இப்னு மூஸா தாம் விரட்டிய மனிதரிடமே உயிர்ப்பிச்சை கேட்டு நின்றார். ஸனதுக்கும் அல்கிந்தீக்கும் ஆகாது; அது ஊரறிந்த பகை. எனினும் ஸனத் இட்ட நிபந்தனை ஒன்றே: அல்கிந்தீயின் நூல்கள் அவரிடம் திரும்பிச் சேரவேண்டும், அதுவரை உங்களுக்காக ஒரு சொல்லும் பேசமாட்டேன். நூல்கள் திரும்பின. அனைத்தும் வந்து சேர்ந்தன என்று அல்கிந்தீ தம் கைப்பட எழுதிய சீட்டும் வந்தது. அதன்பின்னரே ஸனத், கால்வாயில் பிழையில்லை என்று கலீஃபாவிடம் கூறினார். திஜ்லாவில் வெள்ளம் பெருகியிருந்த நான்கு மாதம் அக்குறை வெளிப்படாது என்பது அவர் கணக்கு. நீர் வடியுமுன், கி.பி. 861 டிசம்பரில் முதவக்கில் கொல்லப்பட்டார். சகோதரர் உயிர் தப்பினர். ஸனத் சொன்னது பொய்தான். அந்தப் பொய்யைக் குறித்து என்ன நினைப்பதென்று இன்றும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை.

இதே பனூ மூஸாவுக்காக நூல்களை மொழிபெயர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீரா நகரில் மருந்து வணிகரின் மகனாகப் பிறந்த கிறிஸ்தவர். மருத்துவம் பயில யூஹன்னா இப்னு மாஸவைஹியிடம் சேர்ந்த அவர் ஓயாமல் கேள்வி கேட்டார். பொறுமையிழந்த ஆசிரியர், ஹீராவாசிகளுக்கு மருத்துவம் எதற்கு, தெருவில் அமர்ந்து நாணயம் மாற்று என்று ஏசி விரட்டினார். ஹர்ரானில் ஒருவர் எழுந்துவந்த இடத்திற்கு இங்கே ஒருவரைப் போகச் சொல்கிறார்கள்! ஹுனைன் அழுதுகொண்டே வெளியேறினார். இரண்டாண்டுகளுக்கு மேலாக அவரைக் காணவில்லை. பின்னர் பக்தாதில் ஒரு வீட்டில், நீண்ட முடி முகத்தை மறைக்க, ஹோமரின் பாடலைக் கிரேக்கத்தில் ஓதியவாறு உலவிய மனிதரைப் பழைய நண்பர் ஒருவர் குரல்கொண்டு அடையாளம் கண்டார். அவருடைய மொழிபெயர்ப்பைப் படித்து வியந்த பழைய ஆசிரியரே பிற்பாடு சமாதானம் நாடினார்.

அவமதிப்பை அறிந்த இம்மனிதர் தம் பணிக்களத்தை எவ்வாறு அமைத்தார் என்பதே நம் கவனத்திற்குரியது. மகன் இஸ்ஹாக், சகோதரியின் மகன் ஹுபைஷ், மாணவர் ஈஸா இப்னு யஹ்யா ஆகியோர் அவருடன் உழைத்தனர். ஜாலீனூஸின் 129 நூல்களைப் பற்றி கி.பி. 856இல் எழுதிய நிருபத்தில் ஹுனைன் ஒரு செய்தியை ஒளிவின்றிக் கூறுகிறார். இருபது வயதளவில், பிழை மலிந்த ஒரே சுவடியைக் கொண்டு ஒரு நூலை மொழிபெயர்த்திருந்தார். நாற்பதை நெருங்குகையில், அதைத் திருத்தித் தருமாறு மாணவர் ஹுபைஷ் கேட்டார். அதற்குள் ஹுனைனிடம் கிரேக்கச் சுவடிகள் பல சேர்ந்திருந்தன. அவற்றை ஒப்பிட்டுச் சரியான மூலம் ஒன்றை வகுத்து, தம் இளமைக்கால மொழிபெயர்ப்பை அதனோடு வரி வரியாக ஒத்துப் பார்த்துத் திருத்தினார். எல்லா நூல்களிலும் இதுவே தம் வழக்கம் என்கிறார். பெயர்பெற்றுவிட்ட ஆசிரியரிடம் அவருடைய பழைய ஏட்டை நீட்டித் திருத்தக் கேட்கும் துணிவு, கேள்வி கேட்டதற்காக விரட்டப்பட்டவரின் இல்லத்தில் ஒரு மாணவருக்கு இருந்தது.

ஹுபைஷைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. புள்ளியிடாத அரபு எழுத்தில் ஹுபைஷ், ஹுனைன் என்னும் இரு பெயர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். பிற்காலத்தில் ஏடு பெயர்த்தோர் ஹுபைஷ் என்று கண்ட இடத்தில், எழுதியவர் தவறிவிட்டார் என்றெண்ணி ஹுனைன் என்று 'திருத்தி'விட்டனர். மருமகனின் மொழிபெயர்ப்புகள் பல இவ்வாறு மாமனின் பெயரிலேயே வழங்கிவந்தன.