மருமகனுக்கு முடியாது என்று சொன்னதும், பங்கு விண்ணப்பத்தின் பழைய கதையும்



போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். ஏதோ ஒரு கம்பெனியின் ஐபிஓ வருகிறதாம். "மாமா, உங்க பேர்ல ஒரு டீமேட், அத்தை பேர்ல ஒரு டீமேட் திறந்துடுறேன். வர்ற ஓடிபியை மட்டும் சொல்லுங்க. பணம் நான் அனுப்புறேன். கிடைச்சா லாபத்துல உங்களுக்கும் உண்டு" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம். தங்கையும் இரண்டு நாளாகப் பேசவில்லை. இதற்கிடையில் 1996இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன், இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான், "சார், ஐபிஓவில் நம்மைப் போன்றவர்கள் எப்படிப் பணம் போடுவது, எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தான். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மணி அடித்தாலும் இவர் விடமாட்டார் என்று என்னைச் சொல்வீர்களே, அப்படித்தான் இதுவும்.

ஒரு கம்பெனி முதன்முறையாகத் தன் பங்கைப் பொதுமக்களுக்கு விற்பதுதான் ஐபிஓ. நம் நாட்டில் 1947 முதல் இதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. எந்தக் கம்பெனி எவ்வளவு பங்கு, என்ன விலைக்கு விற்கலாம் என்பதை டெல்லியில் ஓர் அதிகாரி முடிவு செய்வார். விலையைப் பெரும்பாலும் குறைத்தே வைப்பார்கள். 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம் வந்த பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டிவந்தது. சோப்பு, பற்பசைக் கம்பெனிகளின் பங்கெல்லாம் மலிவாக மக்களிடம் வந்தது அப்போதுதான். 1977இல் ரிலையன்ஸ் 10 ரூபாய்க்கு 28 லட்சம் பங்குகளை விற்றபோது, ஏறத்தாழ ஏழு மடங்கு விண்ணப்பம் குவிந்தது.

நான் வேலையில் சேர்ந்த எண்பதுகளில் எங்கள் ஊரில் பாரம் கிடைப்பதே பெரிய காரியம். தஞ்சாவூர் போய் வாங்கி வருவோம். பெயர், முகவரி, பங்கின் எண்ணிக்கை எழுதி, காசோலையோ டிடியோ வைத்து, அவர்கள் சொன்ன வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். குலுக்கலில் விழுந்தால் பங்குப் பத்திரம் வரும். விழாவிட்டால் 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதமும் பணத்தைத் திருப்பித் தரும் தாளும் வரும். என் சக ஆசிரியர் ஒருவர் அந்த வருத்தக் கடிதங்களைத் தைத்து ஒரு ஃபைலே வைத்திருந்தார். அதற்குள் பணம் வட்டியில்லாமல் கம்பெனிக் கணக்கில் கிடக்கும்.

1992 மே மாதம் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. கண்காணிக்கும் வேலை செபிக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே வைக்கலாம் என்றானது. தொண்ணூறுகளின் நடுவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. முன்பு தஞ்சாவூரில் தேடிய பாரம், இப்போது எங்கள் கடைத்தெருவில் மளிகைக் கடைப் பலகையிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

1995இல் நானும் இறங்கினேன். இறால் வளர்த்து ஏற்றுமதி செய்யப்போவதாகச் சொன்ன ஒரு கம்பெனி. கடலோர ஊர்களில் அப்போது எல்லாரும் இறால் பேச்சுதான் பேசினார்கள். ஜிபிஎஃப்பில் முன்பணம் எடுத்து, 20,000 ரூபாய்க்கு நான்கு பாரம் போட்டேன். என் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று, அப்பா பேரில் ஒன்று, அம்மா பேரில் ஒன்று. நான்கு பெயர் இருந்தால் குலுக்கலில் நான்கு வாய்ப்பு. இன்று மருமகன் போடும் அதே கணக்குதான்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்தால் சான்றொப்பம் அது இது என்று அலைய வேண்டும் என்று, ஒரு வாரம் இரவில் உட்கார வைத்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவன், பெற்றவளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது அந்தப் பாரத்துக்காகத்தான். பெயரின் கடைசி எழுத்தில் புள்ளி வைக்க அவர் மறந்துகொண்டே இருப்பார்.

நான்கு பாரத்துக்கும் கேட்ட பங்கு முழுவதும் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். பங்கு பட்டியலான ஆறு மாதத்தில் வாங்க ஆள் இல்லை. இரண்டாண்டில் கம்பெனி முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மட்டும் நடந்ததல்ல. அப்படிப் பணம் திரட்டிக் காணாமல் போனவை என்று இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அரசாங்கமே பின்னர் பட்டியல் போட்டது.

அன்றைக்கு எனக்கு உறைக்காதது ஒன்று உண்டு. நல்ல கம்பெனி என்று எல்லாரும் ஓடிய இடத்தில் எனக்கு வருத்தக் கடிதம் வந்தது. கேட்டதை அப்படியே அள்ளிக் கொடுத்த இடத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. (இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1993இல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்கு விற்றபோது வாங்க ஆளில்லாமல், ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்துதான் மீதியை எடுத்தது. அதை நம்பி விதியை மறந்துவிடாதீர்கள்.)

1996இல் டீமேட் வந்தது. காகிதப் பத்திரம் போய் பங்கெல்லாம் கணினிக் கணக்கில் ஏறின. ஆனால் பொய்ப் பெயர் போகவில்லை. 2003 முதல் 2005 வரை வந்த 21 ஐபிஓக்களில், சிலர் ஆயிரக்கணக்கான போலிப் பெயர்களில் டீமேட் திறந்து, சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய பங்கை வாரிக்கொண்டு போனதைச் செபி கண்டுபிடித்தது. நான் நான்கு பெயரில் செய்தேன். உண்மையான நான்கு பேர்தான், ஆனாலும் ஆசை ஒன்றுதான். அவர்களிடமிருந்து பறித்த பணத்தில் ஒரு பகுதியை, ஏமாந்த லட்சக்கணக்கானவர்களுக்குச் செபி பின்னர் பிரித்துக் கொடுத்தது.

இன்று நீங்கள் போனில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஒரு பான் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தான். இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடி. பணம் கம்பெனிக்குப் போகாமல் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடங்கி நிற்பது 2008இல் வந்த ஏற்பாடு. பங்கு ஒதுக்கினால்தான் கழிப்பார்கள், அதுவரை அதற்கு வட்டியும் உண்டு. 2019 முதல் யூபிஐ வழியாகவும் முடக்கலாம். விண்ணப்பித்ததும் யூபிஐ செயலியில் ஒப்புதல் கேட்டு ஒரு செய்தி வரும். அதை ஏற்க மறந்து, பங்கு வரவில்லையே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

விலையை ஒரு வரம்பாகச் சொல்வார்கள். சிறு முதலீட்டாளர்கள் 'கட்-ஆஃப்' என்ற கட்டத்தை டிக் செய்தால் எந்த விலை முடிவானாலும் விண்ணப்பம் செல்லும். நமக்கான வரம்பு 2 லட்சம் ரூபாய். ஒரு லாட் பெரும்பாலும் 15,000 ரூபாய்க்குள் இருக்கும். விண்ணப்பம் குவிந்தால் ஆளுக்கு ஒரு லாட் என்று கணினியில் குலுக்குகிறார்கள். 2012இல் முடிவான விதி இது. ஒரு லாட் கேட்டவருக்கும் பதின்மூன்று லாட் கேட்டவருக்கும் குலுக்கலில் ஒரே வாய்ப்பு. விண்ணப்பம் முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு பட்டியலாகிவிடும். மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்தவனுக்கு இது மாயம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். சிறியவர்களுக்கு வழக்கமாக 35 விழுக்காடு ஒதுக்குவார்கள். தொடர்ந்து லாபம் காட்டாத கம்பெனி என்றால் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. எனவே 10 என்று பார்த்தால் கம்பெனியின் கணக்கை இன்னொரு முறை படியுங்கள்.

விதிகள் இவ்வளவு வந்தும் விலையை யாராலும் காக்க முடியவில்லை. 2008இல் ரிலையன்ஸ் பவருக்கு 70 மடங்குக்கு மேல் விண்ணப்பம். சிறு முதலீட்டாளர்களுக்கு 430 ரூபாய். முதல் நாளே 372 அளவில் முடிந்தது. 2022இல் எல்ஐசி 949 ரூபாய்க்கு விற்று, 8 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்த விலையில் பட்டியலானது. என்னோடு ஓய்வுபெற்ற பலர் டீமேட் திறந்ததே அதற்காகத்தான். மருமகன் சொன்ன 'கிரே மார்க்கெட்ல 60 ரூபா ஓடுது' என்ற கணக்கை எந்தச் சந்தையும் பொறுப்பேற்றுச் சொல்வதில்லை. டீக்கடைப் பேச்சுக்கு அந்தப் பெயர், அவ்வளவுதான்.

மருமகனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். விண்ணப்பிப்பவர் கணக்கிலிருந்தே பணம் போக வேண்டும் என்பது விதி. நீ அனுப்பி நான் போட்டால் விதி எழுத்தில் நிற்கும், ஆனால் பங்கு யாருடையது? லாபம் வந்தால் வருமான வரியில் என் பெயரில் ஏறும். நஷ்டம் வந்தால் உன் அம்மாவும் நானும் பேசாமல் இருப்போம். இப்போதே இரண்டு நாள் ஆகிறது. உன் பேரில் ஒரு லாட் போடு. கம்பெனியின் சுருக்க அறிக்கையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, சேர்ந்து படிப்போம். அத்தை அடை செய்கிறேன் என்கிறாள்.

அந்த நான்கு பத்திரமும் இன்னும் பீரோவில் இருக்கின்றன. ஒன்றைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். கம்பெனி பெயரைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டேன். அம்மா பெயர் தெரியும்.